கிறிஸ்துமஸ் பரிசாகக் குக்கர் கேட்கிறார்கள்: நாம் கவனிக்க வேண்டியவை



டிசம்பர் பிறந்தால் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் மளிகை வியாபாரம் எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அச்சுமுறுக்குக்குப் பச்சரிசி, முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறும் வெல்லமும், கேக்குக்கு மைதாவும் முந்திரியும் உலர்திராட்சையும் என்று சிட்டை நீண்டுகொண்டே போகும். இது நமக்குப் பழக்கப்பட்ட வியாபாரம்.

இதனோடு இன்னொரு வியாபாரமும் சேர்ந்துவிட்டது. சென்னை, பெங்களூர், வளைகுடா நாடுகள் என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று கேட்கிறார்கள். முன்பு சேலையும் சட்டைத் துணியும் எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. இப்பொழுது வீட்டில் இருப்பவர்களே, “துணி பெட்டி நிறையக் கிடக்கிறது, குக்கர் வாங்கித் தா, மிக்சி ஜார் உடைந்துவிட்டது, தோசைக்கல் வேண்டும்” என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள். பாத்திரமும் சாமானும் சேர்த்து விற்கும் மளிகைக் கடைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் பணம் முடங்கும். அதைவிட மோசம், வாடிக்கை போகும். எங்களுக்குத் தெரிந்த அளவில் சிலவற்றை எழுதுகிறோம்.

கேட்டு வாங்குவது குறைவா?

பரிசைக் கேட்டு வாங்கலாமா, அது மரியாதையா என்று நம்மில் மூத்தவர்கள் நினைப்பதுண்டு. பரிசு என்றால் பளபளப்பாக இருக்க வேண்டும், அடுப்படிச் சாமான் பரிசாகுமா என்றும் கேட்பார்கள். கிறிஸ்துமஸ் கதையில் கீழ்த்திசையிலிருந்து வந்த சாஸ்திரிகள் குழந்தைக்குக் கொண்டுவந்தவை பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் ஆகிய மூன்று. பின்னிரண்டும் அந்நாளைய வியாபாரச் சரக்குகள். வெள்ளைப்போளம் இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஆகவே கடைச்சரக்கு பரிசாவது புதிய விஷயம் அல்ல.

கேட்காமல் வாங்கிக் கொடுப்பதில் எவ்வளவு வீணாகிறது என்று அமெரிக்காவில் ஒரு பொருளாதாரப் பேராசிரியர் கணக்குப் போட்டிருக்கிறார். அவர் பெயர் ஜோயல் வால்ட்ஃபோகல். 1993ல் அவர் எழுதிய கட்டுரையில், பரிசு பெற்றவர்களிடம் அந்தப் பொருளுக்குத் தாங்களே வாங்கியிருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று விசாரித்து, பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று முடிவு சொன்னார். அதாவது 900 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளை, வாங்கிக்கொண்டவர் 600 ரூபாய்க்கு மேல் மதிக்காமலும் இருக்கலாம். மீதி யாருக்கும் சேராத நஷ்டம். சரக்கின் அருமை தெரிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். யாருக்கும் வேண்டாத பொருள் எந்த வீட்டு அலமாரியில் இருந்தாலும் அது தேங்கிய சரக்கே.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வீட்டுச் சாமான் பரிசு என்பது கேட்டவருக்குக் கொடுத்தால்தான் பரிசு. கேட்காத மனைவிக்குக் கிறிஸ்துமஸ் அன்று கிரைண்டரைக் கொண்டுபோய் இறக்கினால், “எனக்கு இன்னும் வேலை வைக்கிறீர்களா?” என்று தோன்றும். அதே கிரைண்டரை அவர் மாதக்கணக்கில் கேட்டுக் கொண்டிருந்தால், அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. எனவே கடைக்கு வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “என்ன விலையில் பார்க்கிறீர்கள்?” என்பதல்ல, “அவர்களிடம் கேட்டீர்களா?” என்பதே.

ஒரு கடையில் நடந்தது

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லரைக் கடைக்காரர் சில ஆண்டுகளுக்கு முன் பட்ட அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அவர் நல்ல மனிதர். பெயரும் ஊரும் வேண்டாம்.

அவர் கடையில் ஒரு டீச்சரம்மாவுக்கு மாதக் கணக்கு இருந்தது. பென்ஷன் இல்லாத தனியார் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தனியாக இருந்தார்கள். மகன் சென்னையில் வேலையில் இருந்தார். டிசம்பரில் மகன் கடைக்காரருக்குப் போன் செய்து, “அண்ணாச்சி, அம்மாவுக்குக் கிறிஸ்மசுக்கு என்ன வாங்கலாம்? கேட்டா ஒண்ணும் வேண்டாம்னு சொல்றாங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?” என்று கேட்டிருக்கிறார்.

கடைக்காரர் நல்லது என்று நினைத்து, “தம்பி, டீச்சரம்மா கணக்குல 3,400 ரூவா நிக்கி. அத அடச்சிட்டா அவங்களுக்குப் பெரிய உபகாரமா இருக்கும்” என்று சொல்லிவிட்டார். மகன் அன்றைக்கே பணம் அனுப்பினார். கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு நேரத்தில், உறவினர்கள் எல்லோரும் இருக்கும்போது, அம்மாவின் கடைக் கடனைத் தீர்த்ததே தன் பரிசு என்று பெருமையாகச் சொன்னார்.

ஜனவரியில் டீச்சரம்மா கடைக்கு வரவில்லை. வேறு கடைக்குப் போனார்கள். பொங்கல் முடிந்து கடைக்காரர் வீடு தேடிப் போனபோது சொன்னார்கள்: “அண்ணாச்சி, நான் கடன் சொன்னது ஒங்ககிட்ட. எம் மகன்கிட்டச் சொல்லச் சொல்லி நான் கேக்கலையே.”

அவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு டீச்சரம்மா கடைக்கு வந்தார்கள், ஆனால் ரொக்கத்துக்கு மட்டும். முன்பு வாங்கியதில் பாதியளவு. இருபது வருட வாடிக்கை அது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அந்த வருடத்தில் டீச்சரம்மா அதே கடையில் 5 லிட்டர் குக்கருக்கு இரண்டு முறை கேஸ்கட் வாங்கியிருந்தார்கள். “தனி ஆளுக்கு இது பெரிசு, தூக்கி எறக்க முடியல” என்றும் சொல்லியிருந்தார்கள். கடைக்காரருக்கு இது தெரியும். மகன் கேட்டபோது நினைவுக்கு வந்தது கடன் மட்டும்தான். “3 லிட்டர் குக்கர் தேவைப்படும்போல் இருக்கிறது தம்பி, அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தால் பொருளும் விற்றிருக்கும், வாடிக்கையும் நின்றிருக்கும். அடுத்த வருடம் மகன் அம்மாவிடமே கேட்டு 3 லிட்டர் குக்கர் வாங்கி வந்தார். வாங்கியது சென்னையில்.

நம் ஒவ்வொருவருக்கும் வாடிக்கையாளரைப் பற்றி இரண்டு விதமான விவரம் தெரியும். ஒன்று, அவர் எவ்வளவு தர வேண்டும் என்பது. மற்றது, அவருக்கு எது தேவை என்பது. முதலாவது அவருக்கும் நமக்கும் மட்டும் உரியது. பெற்ற பிள்ளை கேட்டாலும், கட்டிய கணவர் கேட்டாலும் சொல்லக்கூடாது. இரண்டாவதைக்கூட, “அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்” என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டு

நவம்பர் கடைசியிலேயே ஒரு நோட்டு போடலாம். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் திருச்சபைகளில் ஆயத்த காலம். வீடுகளிலும் அப்போதுதான் பேச்சு தொடங்கும். “கிறிஸ்துமஸுக்கு என்ன சாமான் வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள், யாராவது கேட்டால் சொல்லலாமா?” என்று வாடிக்கையாளரிடமே கேட்க வேண்டும். சம்மதித்தவர்களின் பட்டியலை மட்டும் எழுத வேண்டும். யாராவது ஒருவர் வாங்கிவிட்டால் அந்த வரியை அடித்துவிட வேண்டும். ஒரே வீட்டுக்கு மூன்று ஹாட்பாக்ஸ் போவது இதனால் தவிரும். கடன் நோட்டும் இந்த நோட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது.

பொருளைக் கேட்கும்போது அளவையும் கேட்டு எழுத வேண்டும். பாதித் தகராறு இங்கேதான் வருகிறது.

குக்கர் என்றால் எத்தனை லிட்டர், மூடி உள்பக்கம் பொருந்துவதா வெளிப்பக்கம் பொருந்துவதா, கேஸ் அடுப்பா இண்டக்ஷன் அடுப்பா என்று கேட்க வேண்டும். அடிப்பாகம் காந்தத்தில் ஒட்டாத சாதாரண அலுமினியப் பாத்திரம் இண்டக்ஷனில் சூடாகாது. கேஸ்கட்டுக்குக் கம்பெனியும் லிட்டரும் தெரிய வேண்டும்; பழையதைக் கொண்டுவரச் சொல்வது நல்லது. மிக்சி ஜாருக்கும் அப்படியே. தோசைக்கல் என்றால் வார்ப்பா தகடா, கைப்பிடி வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

நாள் கணக்கும் முக்கியம். அச்சுமுறுக்கு அச்சும் முறுக்கு உரலும் கேட்பவர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்று கொடுத்துப் பயனில்லை. பலகாரம் அதற்கு முன்பே சுட்டு முடித்திருப்பார்கள். இவற்றை டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுக்கும்படி வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். நாமும் நவம்பரிலேயே கொள்முதல் செய்ய வேண்டும்.

பள்ளி, அலுவலகம், சபை வாலிபர் கூட்டங்களில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பெயர் வந்தவருக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இவர்கள் சிறிய தொகைக்குள் பார்ப்பார்கள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், டார்ச், குடை போன்றவை இவர்களுக்கு ஏற்றவை. கண்ணாடிப் பொம்மையை விட இவை நிச்சயமாகப் பயன்படும்.

கூடை கட்டி விற்பதில் உள்ள வரி

பல சாமான்களை ஒரு கூடையில் அடுக்கி, கலர்த்தாள் சுற்றி, ஒரே விலை போட்டு விற்பது இப்பொழுது நாகரிகமாகி இருக்கிறது. 2022 டிசம்பரில் நாங்களும் 40 கூடை கட்டினோம். கேக், பேரீச்சை, கண்ணாடித் தம்ளர், மெழுகுவர்த்தி என்று அடுக்கியிருந்தோம். பார்க்க அழகாக இருந்தது. 23 கூடை மிஞ்சியது. பிரித்தபோது கேக் நாள் கடந்திருந்தது. வாங்க வந்தவர்கள் பலரும், “இதில் எங்களுக்கு வேண்டியது ஒன்றுதானே இருக்கிறது?” என்றார்கள். அவர்கள் சொன்னது சரி.

இதில் வரிச் சிக்கலும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 8ஆம் பிரிவின்படி, தனித்தனியே விற்கக்கூடிய பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது கலப்பு வழங்கல் ஆகும். அப்போது அவற்றில் எந்தப் பொருளுக்கு வரி அதிகமோ அந்த விகிதமே முழுத் தொகைக்கும் பொருந்தும்.

உதாரணமாக, 2025 செப்டம்பர் 22 முதல் இரும்பு, அலுமினியச் சமையல் பாத்திரங்களுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு 18 சதவீதம். வரி நீங்கலாக 1,000 ரூபாய்க்குப் பாத்திரமும் 1,000 ரூபாய்க்கு இஸ்திரிப் பெட்டியும் தனித்தனியாகப் பில் போட்டால் வரி 50ம் 180ம் சேர்த்து 230 ரூபாய். அதையே ஒரு கூடையாக 2,000 ரூபாய் என்று ஒரே விலை போட்டால் வரி 360 ரூபாய். வித்தியாசம் 130 ரூபாய். இதை வாடிக்கையாளர் தலையில் கட்டினால் விலை கூடும். நாம் ஏற்றால் லாபம் போகும்.

ஆகவே வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி விலை, பில்லில் தனி வரி. பிறகு கூடையில் அடுக்கிக் கொடுக்கலாம். காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் பில்லில் வரி வசூலிக்க முடியாது. அவர்களுக்குக் கணக்கு வேறு. சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளவும்.

நாம் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் பரிசுப் பொருள்களுக்கும் ஒரு விதி இருக்கிறது. பரிசாகக் கொடுத்துவிட்ட சரக்கின் கொள்முதல் வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள 17ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு இடம் கொடுக்கவில்லை. டிசம்பரில் பரிசு வழங்குபவர்கள் கணக்கில் அதைக் கழித்துவிட வேண்டும்.

விலையை அழிக்கச் சொன்னால்

“பரிசு கொடுக்கப் போகிறோம், பெட்டியில் உள்ள விலையைச் சுரண்டிவிடுங்கள்” என்று பலர் கேட்பார்கள். நாம் அதைச் செய்யக் கூடாது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி, அச்சிட்ட சில்லரை விலையை மொத்த வியாபாரியோ சில்லரை வியாபாரியோ அழிப்பதும், மறைப்பதும், மாற்றுவதும் குற்றம். “பரிசுத் தாள் சுற்றித் தருகிறோம், விலை வெளியே தெரியாது” என்று பதமாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

பில்லைத் தனி உறையில் போட்டுக் கொடுப்பது நல்லது. உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அவசியம். பரிசு வாங்கியவரின் கையில் பில் இருக்காது என்பதால், நமது பில் நகலிலும் பொருளின் எண்ணைக் குறித்து வைத்தால் பின்னால் அலைச்சல் இல்லை.

குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல் வீட்டு உபயோகக் குக்கருக்கு இது கட்டாயம். முத்திரையில்லாத குக்கர் விற்க இடம் கொடுத்ததற்காக 2022ல் இரண்டு பெரிய இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா 1 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரையில்லாத சரக்கை வாங்க வேண்டாம். குக்கர் வெடித்தால் போவது பணம் மட்டுமல்ல.

மாற்றிக் கேட்டால்

“விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லில் அச்சிட்டுக்கொள்வது நமது பழைய வழக்கம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் காலம் குறித்திருந்தால் அதற்குள்ளும், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுக்க வேண்டும். அந்த வாசகத்தை இன்னும் அச்சிடுபவர்கள் எடுத்துவிடுவது நல்லது.

குறையில்லாத பொருளை, “இரண்டாகிவிட்டது, வேறு தாருங்கள்” என்று கேட்டால் மாற்றுவது நம் விருப்பம். எங்கள் யோசனை, ஜனவரி 10 வரை, பெட்டி பிரிக்காமல் இருந்தால் மாற்றிக் கொடுக்கலாம் என்பதே. திரும்பி வரும் பாத்திரம் பொங்கலுக்கு விற்கும். அதன்பின் தை மாதக் கல்யாணங்கள் இருக்கின்றன. நமக்கு முடக்கம் குறைவு. மாற்ற வருகிறவர் வெறுங்கையோடு போவதும் அபூர்வம்.

முடிவாக ஒரு வார்த்தை

இந்த வியாபாரத்தில் பெரிய முதல் தேவையில்லை. ஒரு நோட்டு, நாலு விதக் குக்கர், கொஞ்சம் கேஸ்கட், தோசைக்கல், எவர்சில்வர் சாமான் போதும். கேட்டதை வரவழைத்துக் கொடுக்கலாம். இணையத்தில் ஆயிரம் சாமான் காட்டுகிறார்கள். ஆனால் எந்த வீட்டில் குக்கர் கைப்பிடி ஆடுகிறது, எந்த அம்மாவுக்குப் பெரிய குடம் தூக்க முடியவில்லை என்பது தினமும் முகம் பார்த்துப் பேசுகிற நமக்குத்தான் தெரியும். அப்படித் தெரிந்ததை நம்மை நம்பிச் சொன்னவர்களின் மனம் நோகாமல் பயன்படுத்த வேண்டும். அந்தக் கடைக்காரர் இப்போது போனில் யார் கேட்டாலும், “அம்மாட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன் தம்பி” என்றுதான் பதில் சொல்கிறாராம்.